கரோக்கி மெஷின்காரர்

அவருடைய முகத்துக்கு முன்னால் எனக்கு நினைவு வருவது அவருடைய வலது கட்டைவிரல்தான். நகம் தட்டையாக இருக்கும். ஓரத்தில் கறுப்புப் பொடி ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. வாரம் முழுக்க அலுவலகம் அலுவலகமாகப் போய் போட்டோகாப்பி மெஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை அவருக்கு. வெள்ளிக்கிழமை மதியம் அதே விரல் வேறொரு மெஷினில், வேறொரு பொத்தான்மேல் இறங்கும். யாரும் பார்க்கமாட்டார்கள். இரண்டு நிமிடம் கழித்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் தொண்டை கிழியும்.

ஆண்டு மலருக்குப் பழைய உறுப்பினர் ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று எங்கள் தமிழ்க் குழுவின் பிள்ளைகள் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடமாகக் காத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

துபாய் கராமாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி ஹாலில் கூடுவோம். அப்போதெல்லாம் வெள்ளிதான் விடுமுறை. தொழுகை முடிந்து கீழே கூட்டம் மொய்க்கும்; மேலே நாற்பது நாற்காலி எங்களுக்கு. அதில் ஆறு நாற்காலிகளுக்கு ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்கும். நான் முன்னதாகவே போய் அந்த ஆறையும் தவிர்த்து உட்கார்ந்துவிடுவேன். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சரக்கு இருப்பைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். எம்.காம். படித்துவிட்டு முப்பத்தோரு வருடம் அட்டைப் பெட்டிகளை எண்ணியவன் நான். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.

என் கிடங்கில் பாதிச் சரக்கு ஜப்பானுடையது. முகத்தில் பாதியளவு கண் வைத்த பொம்மைகள், விளையாட்டுப் பெட்டிகள், கதாபாத்திரம் அச்சடித்த பள்ளிக்கூடப் பைகள். ரியாதுக்கு இத்தனை, மஸ்கட்டுக்கு இத்தனை, நைரோபிக்கு இத்தனை என்று பிரித்து அனுப்புவோம். வாங்குகிற பிள்ளைகளில் ஒன்றுகூட ஜப்பானைப் பார்த்திருக்காது. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் ஜப்பானிய கார்ட்டூன்களை அரபியில் பார்த்துவிட்டு, தலைப்புப் பாட்டை அரபியிலேயே பாடிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும். தாய் தகப்பன் தஞ்சாவூர்.

அவர் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். “பட்டாளத்த வச்சு ஊரப் பிடிக்கப் பாத்தான், முடியல. அப்புறந்தான் பாட்டையும் பொம்மையையும் அனுப்புனான். இப்ப பாருங்க அண்ணாச்சி, மணிலாக்காரன், கெய்ரோக்காரன், சாத்தூர்க்காரன், எல்லாப் பயலும் அவன் மைக்கத்தான் பிடிச்சிட்டு நிக்கிறான்.”

சாத்தூர்க்காரன் என்று அவர் சொன்னது தன்னைத்தான். சாத்தூருக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். எனக்குத் திருச்சி, ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது இனிஷியலை முதலில் சொல்லி, அரை நொடி நிறுத்தி, பிறகு பெயரைச் சொல்வார். யாராவது இனிஷியலை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் மறுபடியும் முழுதாகச் சொல்லித் திருத்துவார்.

அந்த கரோக்கி மெஷின் அவருடைய சொந்தச் சொத்து. தேராவில் மூடிக்கிடந்த ஒரு ஓட்டலின் பாரிலிருந்து தூக்கிவந்து, அவரே ரிப்பேர் செய்தது. ஜப்பானில் ஜப்பானியர்களுக்காகவே செய்த மெஷின். ஒவ்வொரு பொத்தானுக்கு மேலும் ஜப்பானிய எழுத்து. கம்பெனி அவரை ஒசாக்காவுக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்ததால் அவருக்கு மட்டும் அந்த நாலைந்து எழுத்து அடையாளம் தெரியும். எங்களுக்கு அது கறுப்பு டப்பா. பாட்டின் இசையைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தால் டப்பா அதை வாசிக்கும், நாங்கள் கூடப் பாடுவோம். பாடி முடித்ததும் மைக்கைப் பஞ்சால் துடைப்பார். மெஷினைப் பச்சைத் துண்டால் போர்த்துவார். அவரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது.

ஒரு பொங்கல் விழாவில் எங்கள் செயலாளர் நன்றியுரை சொன்னார். செயலாளர் இன்சூரன்ஸ் விற்கிறவர், கனத்த குரல். சமோசா கொடுத்த கடைக்கு நன்றி, கோலம் போட்ட பெண்களுக்கு நன்றி, வண்டி நிறுத்த இடம் விட்ட வாட்ச்மேனுக்கு நன்றி. இருபத்திரண்டு பேர், நான் எண்ணினேன். விழா முழுக்கப் பாட்டாக ஓடியது, அந்த இருபத்திரண்டு பேரில் இவர் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டே இவரும் கைதட்டினார்.

அடுத்த வெள்ளியன்று செயலாளர் பாடவந்தார். நன்றாகவே பாடக்கூடியவர். பல்லவி சுகமாகப் போனது. சரணத்தில் மேலே ஏறவேண்டிய இடத்தில் குரல் பிளந்து, கோழிக்குஞ்சின் கீச்சாக ஒன்று வெளியே வந்தது. மனிதர் இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி ஏறிப்பார்த்தார், மறுபடி கீச்சு. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு மாதம் அவர் பனங்கற்கண்டும் மிளகுமாக அலைந்தார். பாலைவனத்துத் தூசி தொண்டையில் படிந்துவிட்டதென்று டாக்டரிடம்கூடப் போனார்.

மெஷினின் ஓரத்தில் எண் காட்டும் சின்னச் சன்னல் ஒன்று இருந்தது. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். செயலாளர் பாடிய அன்று சாமான் கட்டும்போது டேப் உரிந்து தொங்க, உள்ளே ‘3’ என்று எரிந்ததைப் பார்த்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு அது எதனுடைய எண் என்று கேட்காமல் என்னால் நகர முடியாது.

அவர் மறைக்கவில்லை. அந்தப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறும், இரண்டு தட்டினால் ஒரு கட்டை என்றார். பாடுகிறவர் இசையின் பின்னாலேயே போகிறவர். தொடக்கமே உயர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது.

“பல்லவில தெரியாது அண்ணாச்சி. சரணத்துலதான் தெரியும்” என்றார். இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார், பாட்டைப் பற்றி மட்டுமல்ல.

அந்த வித்தையை அவர் ஒசாக்காவில் பார்த்தாராம். பயிற்சி முடிந்த அன்று அலுவலகமே ஒரு கரோக்கி அறைக்குப் போயிருக்கிறது. தீப்பெட்டி மாதிரி அறை. மேலதிகாரி பாட, மற்றவர்கள் தாளம் தட்ட, ஒரு கடைநிலை ஊழியன் மட்டும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பாட்டுப் போட்டுக்கொடுத்திருக்கிறான். பகலில் அந்த அதிகாரி அவனை எல்லார் முன்பும் நிற்கவைத்துத் திட்டியதை இவர் பார்த்திருந்தார். அதிகாரியின் முறை வந்ததும் அவன் விரல் ரிமோட்டில் இரண்டு தடவை இறங்கியது. அதிகாரியின் குரல் உடைந்தது. பாட்டு முடிந்ததும் இருப்பவர்களிலேயே அதிகமாகக் குனிந்து வணங்கியவன் அவன்தான்.

“அன்னைக்குத்தான் எனக்கு ஜப்பான் புரிஞ்சுது” என்றார்.

கரோக்கியைக் கண்டுபிடித்தவர் அதற்குக் காப்புரிமை வாங்காமலே விட்டுவிட்டார் என்பதையும் அங்கேதான் கேட்டாராம். உலகமே பாடுகிறது, யாருக்கும் அந்த மனிதனின் பெயர் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு இவர் சேர்த்துக்கொள்வார்: “நானா இருந்தா உலகத்துல உள்ள அத்தன மெஷின்லயும் அரைக் கட்டை ஏத்தி வச்சிருப்பேன். கத்திச் சாவுங்கடான்னு.”

பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கோபத்தைக் காட்டமாட்டார். அரபி கார்ட்டூன் பாட்டைப் பாட வரும் சிறிசுகளுக்கு அதே பொத்தானைக் கீழ்ப்பக்கம் தட்டி, எட்டாத இடத்தை எட்டவைப்பார். பெரியவர்களுக்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது. அவருக்கு முன் வரிசையில் இடம் தராதவர், சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று குறைந்தபோது அவருடையதைக் குறைத்தவர், மெஷினைக் காலால் தள்ளியவர். ஒவ்வொருவருக்கும் இத்தனை தட்டு என்று மனதில் வைத்திருப்பார். ஆறு மாதம் கழித்தும் மறக்கமாட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை ஒரு குற்றமாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பணிந்து போகவேண்டிய ஊரில், வேறு வழியில் திருப்பிக்கொடுக்க முடியாதவர்களுக்கு அந்தக் கட்டைவிரல் ஒரு கோர்ட்டு மாதிரி. நானும் அந்தக் கோர்ட்டுக்குப் போனேன்.

என் மேனேஜர் சென்னைப் பையன், என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவன். ஒரு ஆகஸ்டு மாதம் கம்ப்யூட்டரில் அவன் தவறாக ஏற்றிய இருப்புக் கணக்குக்காக, தகரக் கூரைக்குக் கீழே முழுக் கிடங்கையும் இரண்டு தடவை எண்ணவைத்தான். இரண்டு தடவையும் என் எண்ணிக்கை ஒன்றேதான். பெட்டி தூக்குகிற பாகிஸ்தான் பட்டாணிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, “அங்கிள், உங்களுக்கு எண்ணத் தெரியுமா, இல்ல வேற ஆள் போடட்டுமா?” என்று கேட்டான். பட்டாணிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவன் சிரித்த சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவனை எங்கள் குழு ஒரு நிகழ்ச்சிக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தது; அவன் ஒரு பாட்டுப் பாடுவதாகவும் இருந்தது. நான் மெஷின் பக்கம் போய், இரண்டு போதும் என்றேன்.

அவர் மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். “எண்ணத் தெரியுமான்னா கேட்டான்? அவனுக்கு ரெண்டு பத்தாது அண்ணாச்சி. மூணு.”

மூன்றும் வேலை செய்தது. காதலிக்காக உருகும் பாட்டு. சரணத்தில் அவன் கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைபோலக் கத்தினான். கூடவந்த மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். அந்த ஹாலில் ஒன்ஸ்மோர் கேட்டது ஒரே ஒரு குரல், அது என்னுடையது. வாழ்க்கையில் நான் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளில் அது ஒன்று.

எங்கள் சிநேகிதம் முறிந்தது ஒரு டீச்சரால். இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு எடுக்கிறவர், நாகர்கோவில்காரர், சாது. ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்திருந்தார். அம்மா முன்னால் பாடவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒத்திகையன்று, “அந்த மெஷின்காரரக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்” என்று யாரிடமோ சொன்னார். அது இவர் காதில் விழுந்துவிட்டது. ஏழு மாதமாக அந்த டீச்சருக்கு இவர்தான் பாட்டுப் போடுகிறார், பெயர் தெரியவில்லை. இவருக்கு அதற்குமேல் ஒரு குற்றம் கிடையாது.

நான் சொல்லிப்பார்த்தேன். பாவம், தெரியாமல் சொன்னது, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அடுத்த தடவை வருவாரோ என்னவோ என்றேன். “தெரியாமத்தான சொன்னாக. தெரிஞ்சுக்கலேல்ல” என்று மட்டும் சொன்னார். அவர் மனதில் இரண்டு தட்டு விழுந்துவிட்டது.

டீச்சரிடம் நான் எதையும் விளக்கவில்லை. இசை இல்லாமல் சும்மா பாடுங்கள், உங்கள் குரலுக்கு அதுதான் அழகு என்றேன். அவரும் அப்படியே, மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறுங்குரலில் பாடினார். அந்த ஹாலில் அப்படி ஒரு பாட்டை நாங்கள் கேட்டதில்லை. அம்மா அழுதார். நான் மெஷின் பக்கம் திரும்பினேன். அவருடைய கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்தது. விரலைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். சிரித்தார். “நல்லாப் பாடுனாக” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வு வரை இருந்தது ஒன்பது மாதம்.

அறுபது வயதில் கம்பெனி அனுப்பிவிடும். ஓய்வுபெற்றுப் போகிறவருக்கு அதே ஹாலில் ஒரு வழியனுப்பு நடக்கும், அவர் ஒரு பாட்டுப் பாடவேண்டும். என் மனைவி திருச்சியிலேயே இருந்தவள். முப்பத்தோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் லீவு நாட்களைக் கூட்டினால் நாங்கள் சேர்ந்திருந்தது நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழியனுப்புக்காக அவள் முதல்முறையாக விசிட் விசாவில் வந்திருந்தாள். கல்யாணமான புதிதில், நன்றாகப் பாடுவீர்களாமே என்று கேட்டாள். கூட்டுக்குடும்பத்தில் வெட்கப்பட்டுப் பாடவில்லை. பிறகு பாட நாள் அமையவில்லை. எல்லார் முன்னாலும் அவளுக்காக ஒரே ஒரு பாட்டு. இந்த ஊரிலிருந்து அவளுக்கு நான் கொண்டுபோகக்கூடியதாக எனக்குத் தோன்றியது அதுதான்.

ஆனால் பொத்தான் அவர் கையில் இருந்தது.

என்மேல் கோபமா என்று நேராகவே கேட்டேன். “சே, உங்கமேலயா” என்று டீ வாங்கிக்கொடுத்தார். அந்த டீதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வெறுங்குரலில் பாடிவிடலாம் என்றால் டீச்சரின் தொண்டை எனக்கில்லை, தாளம் தவறும். நான் கணக்குப் போட்டேன். செயலாளருக்கு மூன்று, மேனேஜருக்கு மூன்று. காட்டிக்கொடுத்தவனுக்கு மூன்றுக்குக் குறையாது, நண்பன் என்பதால் மூன்றுக்கு மேலும் போகாது. திருச்சியில் இருந்த என் மகனிடம் சொல்லி, பாட்டின் இசையை மூன்று தட்டு அளவுக்குக் கீழே இறக்கி அனுப்பச் சொன்னேன். நான் கொடுப்பது மைனஸ் மூன்று, அவர் ஏற்றுவது பிளஸ் மூன்று, கூட்டினால் பூஜ்யம். என் குரலுக்குச் சரியான சுருதி. பென்டிரைவை அவர் கையில் கொடுத்தபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

மனைவி முன்வரிசையில், மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். ஏசி அவள் பிடரியில் அடிக்காத நாற்காலியாகப் பார்த்து நானே உட்காரவைத்திருந்தேன். இசை தொடங்கியது.

கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. அவர் ஏற்றவில்லை. நான் மெஷின் பக்கம் பார்த்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப்போட்டு, இரண்டு கைகளையும் மார்பில் கட்டி, கட்டைவிரல்கள் இரண்டையும் அக்குளுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் பாட்டின் பல்லவியே கீழ்ஸ்தாயியில் தொடங்குவது. இன்னும் ஒன்றரைக் கட்டை கீழே என் தொண்டையில் எதுவுமே இல்லை. வாய் அசைந்தது, மைக்கில் காற்று வந்தது, நடுநடுவே தவளை கத்துவதுபோல ஒரு கரகரப்பு. சரணத்துக்கு ஏறினால் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் தாளத்தைத் தவறவிட்டிருந்தேன். செயலாளர் முகத்தைப் பொத்திக்கொண்டார். மனைவி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் சிரித்தாள்.

கைதட்டல் முடிவதற்குள் அவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நான் மெஷினத் தொடவே இல்ல. சத்தியமா.”

உண்மைதான். அவர் தொடவில்லை. என்ன செய்வேன் என்று எண்ணிப்பார்த்து, நானே எனக்குச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்த ஒசாக்காப் பையனுக்குக்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

என் மனைவி அதன்பிறகு ஐந்து வருடம் இருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் துபாயில் இவர் பாடினாரே என்று ஆரம்பிப்பாள். நான் சுருதி சேர்த்து ஒரு தடவை பாடிக்காட்டியிருக்கலாம். எப்போது வாயைத் திறந்தாலும் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு முதலில் வந்துவிடும், வாயை மூடிக்கொள்வேன். அவள் என்னிடம் கேட்ட ஒரு பாட்டைக் கேட்காமலே போனாள்.

இப்போது மகனோடு மறுபடி இந்த ஊரிலேயே இருக்கிறேன். கரோக்கி செல்போனுக்குள் வந்துவிட்டது. பேத்தி ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் ஜப்பானியப் பாட்டைச் சுத்தமாகப் பாடுகிறாள். சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் அதிலும் இருக்கிறது. அவளே வைத்துக்கொள்கிறாள், இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. நல்லது.

போன மாதம் குவைத்திலிருந்து போன் வந்தது. அவர்தான். அப்பாசியாவில் இருக்கிறாராம். அங்கேயும் ஒரு குழு, அங்கேயும் அதே மெஷின். மலரில் நான் அவரைப் பற்றி எழுதுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் தன் பெயர் எந்த நோட்டீசிலும், எந்த மலரிலும், எந்த நன்றியுரையிலும் வந்ததே இல்லை என்றார். அது எனக்குத் தெரியும்.

“பேரு இனிஷியலோட வரட்டும் அண்ணாச்சி. பேரன் பேத்திக்குக் காட்டணும்.”

எழுதிவிடுகிறேன் என்றேன்.

எழுதிவிட்டேன். அவருடைய ஊர், விரல், பச்சைத் துண்டு, கறுப்பு டேப், ஒசாக்கா, ஒன்றையும் விடவில்லை. மலர் குவைத்துக்குப் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் தேடுவார். தலைப்பிலிருந்தே தேடட்டும். பேரன் பேத்திகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடட்டும். பல்லவியில் தெரியாது.

அவருடைய பெயரை நான் தொடவே இல்லை. சத்தியமாக.